உம்மம்மாவின் கிதாபும் உஸ்மானியர் எழுத்தும்

மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு காயல்பட்டினத்திலிருந்து அவளோடு வந்த அந்த வாப்பாவுக்கு முதல் ஐந்து நிமிடம் ஆறுதல்தான் சொன்னேன். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண், உஸ்மானியப் பேரரசு சரிந்து துருக்கிக் குடியரசு எழுந்த வரலாற்றைப் படிக்கவேண்டும் என்கிறாள். துபாயில் இருக்கும் சாச்சாவோ (சித்தப்பா) கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்குக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடமே பேசிவிட்டாராம். நகை அடகுக் கடைக்குப் போவதுதான் பாக்கி. அதைக் கேட்டதும் ஆறுதலை நிறுத்திவிட்டேன்.

அடகு வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவது சாச்சா இல்லை. நான்கு வருடம் பிடிக்காத வகுப்பில் உட்காரப்போவதும் அவர் இல்லை.

வரலாறு படித்தால் ஆசிரியர் வேலை, ஐ.ஏ.எஸ். என்பதெல்லாம் நீங்களே அறிவீர்கள். யாரும் சொல்லாதது ஒன்று உண்டு: பழைய துருக்கி எழுத்தை வாசிக்கும் ஆய்வாளர் வேலை. சுல்தான் ஆட்சி 1922-ல் போனது, 1923 அக்டோபர் 29-ல் குடியரசு வந்தது, 1924-ல் முஸ்லிம் உலகின் தலைமைப் பதவியான கலீஃபா பதவியும் ஒழிந்தது. 1928-ல் குடியரசின் முதல் அதிபர் முஸ்தஃபா கமால் அரபு எழுத்தை விலக்கி லத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தார். இன்று துருக்கியர் பலருக்குத் தாத்தாவின் கடிதமே புரியாது. இஸ்தான்புல் காப்பகத்திலோ கோடிக்கணக்கில் தாள்கள். காஃப், லாம் என்று இரண்டே அரபு எழுத்து இருக்கும், நடுவில் உயிரொலி எழுதியிருக்காது. அதை ரோஜா என்றும் வாசிக்கலாம், ‘வா’ என்றும் வாசிக்கலாம், வழுக்கை என்றும் வாசிக்கலாம். முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். உம்மம்மாவின் (பாட்டியின்) அரபுத்தமிழ்க் கிதாபை, அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதிய நூலை, வீட்டில் வாசித்துக் காட்டுவது அவள்தானாம். வாப்பாவுக்கே அது வராது!

டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் துருக்கி மொழியில் இளங்கலை இருக்கிறது. துருக்கிக் கலீஃபாவின் பதவியைக் காக்க இந்தியாவில் எழுந்த கிலாஃபத் கிளர்ச்சியின் சூட்டில் 1920-ல் பிறந்த நிறுவனம் அது. 1912-ல் பால்கன் போரின்போது துருக்கிக்கு மருத்துவக் குழுவை அழைத்துச் சென்ற டாக்டர் அன்சாரி பின்னாளில் அதன் வேந்தரானார். அவர் படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில்.

துருக்கி அரசே ‘துர்க்கியே புர்ஸ்லாரி’ என்ற உதவித்தொகையும் தருகிறது. இளங்கலைக்கு 21 வயதுக்குள் இருக்கவேண்டும், 70 சதவீதம் வேண்டும். கல்விக் கட்டணம், விடுதி, மாதப் பணம், விமான டிக்கெட், ஒரு வருட மொழிப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். வழக்கமாக ஜனவரி, பிப்ரவரியில் விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பத்துக்கு ஒரு பைசா கிடையாது. ஏஜென்ட் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சாச்சா சொல்லும் சம்பளம் தொடக்கத்தில் வராது, அதையும் மறைக்கவில்லை. மொழி கைவந்தபின் மொழிபெயர்ப்பு, ஆய்வு என்று போகலாம். முதுகலை வரையாவது படிக்கவேண்டியிருக்கும்.

அடுத்த முறை வரும்போது அந்தக் கிதாபை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். சாச்சாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.