பதில்: நண்பர் ஓட்டினார், சம்மன் என் பேரில்

மலேசியாவில் நீங்கள் ஒரு வாரம் இரவல் கொடுத்த மோட்டார் சைக்கிளை நண்பர் வேகமாக ஓட்ட, சம்மன் (அபராத நோட்டீஸ்) உங்கள் பேரில் வந்திருக்கிறது, அவரோ உங்களையே கட்டச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதே பணம் கட்டாதீர்கள். கட்டினால் விஷயம் உங்கள் பேரிலேயே முடிந்துவிடும். அப்புறம் பினாங்குப் பாலத்தில் வேகமாகப் போனது நண்பர்தான் என்று சொல்லிப் பயனில்லை.

கேமராவுக்குத் தெரிவது நம்பர் பிளேட் மட்டும். அதனால்தான் நோட்டீஸ் உரிமையாளருக்கு வருகிறது. அதிலேயே ஓட்டியவர் விவரம் கேட்டிருப்பார்கள். அவர் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரியை எழுதி, கெடுவுக்குள் போக்குவரத்துப் போலீசில் கொடுத்து, முத்திரை வைத்த நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் 115-வது பிரிவின்படி, கேட்டால் சொல்வது உரிமையாளரின் கடமை. காட்டிக்கொடுக்கிறோமே என்ற சங்கடமெல்லாம் வேண்டாம். "நீயே கட்டிவிடு" என்று சொல்ல அவருக்கு இல்லாத சங்கடம் உங்களுக்கு எதற்கு?

அதற்கு முன் சம்மன்களைப் பார்த்துக் கட்ட உதவும் போலீசின் மைபாயார் பிடிஆர்எம் செயலியில் தேதி, நேரம், இடம் மூன்றையும் சரிபாருங்கள். ஒரு வாரம் வண்டி அவரிடம் இருந்திருக்கிறது, வேறு சம்மனும் இருக்கலாம். சாவி கை மாறியதைக் காட்டும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவர் மறுத்தால் அதுதான் துணை.

அவரிடம் லைசன்ஸ் இருந்ததா? நீங்கள் அதைச் சொல்லவில்லை. லைசன்ஸ் இல்லாதவருக்கு மோட்டார் சைக்கிளை ஓட்டக் கொடுத்தது அதே சட்டத்தின் 26-வது பிரிவில் உங்கள் மீதே குற்றம். அப்படியென்றால் எதையும் எழுதிக் கொடுக்கும் முன் வக்கீல் ஒருவரிடம் பேசுங்கள்.