கேம்பர்வேன்ல ஃபிரான்ஸ், ஸ்பெயின் கிளம்பறீங்களா? இன்ஷூரன்ஸ் கேள்வி-பதில் (ஆகஸ்ட் 2021)

கேள்வி: அக்கா வணக்கம். லண்டன் ஹாரோல இருக்கோம், நான், மனைவி, எங்க அம்மா. போன வருஷ லாக்டவுன்ல பழைய ஃபியட் டுகாட்டோ கேம்பர் ஒண்ணு வாங்கினோம், 2009 மாடல், இன்னும் கடல் தாண்டல. மூணு பேரும் கோவிட் தடுப்பூசி ரெண்டு டோஸ் போட்டாச்சு. ஆகஸ்ட் 25 கிளம்பி ஃபிரான்ஸ் வழியா ஸ்பெயின் போயிட்டு செப்டம்பர் 29 திரும்பலாம்னு பிளான். பேங்க் அக்கவுண்ட்டோட வர்ற டிராவல் இன்ஷூரன்ஸ் இருக்கு, ஜிஎச்ஐசி கார்டு (ஐரோப்பாவுல அரசாங்க மருத்துவத்துக்கு பிரிட்டன் தர்ற கார்டு) மூணு பேருக்கும் வந்தாச்சு, வேனுக்கு ஃபுல் காம்ப்ரிஹென்சிவ் இருக்கு. அம்மாவுக்கு 68 வயசு, சுகர், 2019ல ஸ்டென்ட் வச்சது. இதுக்கு மேல எதாவது வாங்கணுமா? கோவிட்டுக்காக அரசாங்கம் போட்ட பச்சை-ஆம்பர்-சிவப்பு லிஸ்ட்ல ஆம்பர்ல இருக்கிற நாட்டுக்குப் போனா இன்ஷூரன்ஸே செல்லாதுன்னு வேற ஒரு ஃப்ரெண்ட் சொல்றார்.

பதில்: போதாது தம்பி. மூணும் கையில இருக்கு, ஆனா மூணுக்கும் நடுவுல ஓட்டை இருக்கு, அந்த ஓட்டையில முதல்ல மாட்டிக்கப் போறது உங்க அம்மாதான், அதனால அவங்ககிட்டேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

பேங்க் அக்கவுண்ட்டோட வர்ற பாலிசியில பொதுவா அக்கவுண்ட் வச்சிருக்கிறவர், அவர் துணை, அவங்கள நம்பி இருக்கிற பிள்ளைங்க, இவ்வளவு பேர்தான். அப்பா அம்மா வர மாட்டாங்க. நம்ம வீடுகள்ல "ஃபேமிலி கவர்"னு பாத்ததும் ஒரே வீட்ல இருக்கிற எல்லாரும் அதுல வந்தாச்சுன்னு நினைச்சுக்கிறோம், நான் 9 வருஷம் கிளெயிம் டெஸ்க்ல உக்காந்து வேலை பாத்தவ, இந்த ஒரு நினைப்பாலயே எத்தன குடும்பம் போன்ல அழுதிருக்குன்னு எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தனியா ஒரு பாலிசி கண்டிப்பா எடுங்க. எடுக்கும்போது ஸ்டென்ட், சுகர், பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, கடைசியா டோஸ் மாத்துனது எப்போ, ஹார்ட் கிளினிக்ல அடுத்த அப்பாயின்ட்மென்ட் பாக்கியிருக்கா, ஒண்ணு விடாம சொல்லுங்க. சமையல்கட்டு மேடையில அவங்க மாத்திரை டப்பாவ கவுத்து வச்சு ஒவ்வொரு பட்டையா பாத்து பேரு எழுதிக்கிட்டு அப்புறம் போன் பண்ணுங்க, ஞாபகத்துலேர்ந்து சொல்லாதீங்க. பெரிய கிளெயிம் வந்தா ஜிபி (குடும்ப டாக்டர்) ரெக்கார்ட கேட்டு வாங்குவாங்க, அதுல எல்லாமே இருக்கும். 2012ல வந்த நுகர்வோர் இன்ஷூரன்ஸ் சட்டப்படி கேட்ட கேள்விக்கு கவனமா உண்மைய சொல்ல வேண்டியது நம்ம பொறுப்பு, கவனக்குறைவா விட்டிருந்தா கட்டுன பிரீமியத்துக்குத் தகுந்த மாதிரி பணத்த வெட்டிக் குடுக்கலாம், தெரிஞ்சே மறைச்சதுன்னா மொத்தமா மறுத்துடலாம். ஸ்டென்ட்னு சொன்னதும் விலைய ஏத்துறாங்க, இல்ல எடுக்கவே மாட்டேங்கிறாங்கன்னா மணிஹெல்பர்ங்கிற இலவச பண ஆலோசனை சைட்ல இந்த மாதிரி உடம்பு இருக்கிறவங்களுக்குன்னே டிராவல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோட ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க, அங்கேர்ந்து ரெண்டு மூணு பேருக்கு போன் போடுங்க.

அடுத்தது நாள் கணக்கு. ஆகஸ்ட் 25லேர்ந்து செப்டம்பர் 29 வரைக்கும் எண்ணிப் பாருங்க, 36 நாள் வருது. ஆனுவல் பாலிசி நிறையதுல ஒரு ட்ரிப்புக்கு 31 நாள்தான். கடைசி 5 நாளுக்கு மட்டும்தானே கவர் இருக்காதுன்னு நினைக்காதீங்க, சில பாலிசியில 31க்கு மேல பிளான் பண்ணுன ட்ரிப்னா முதல் நாள்லேர்ந்தே செல்லாதுன்னு எழுதியிருக்கும். எக்ஸ்ட்ரா பணம் கட்டி நாள கூட்டிக்க முடியுமான்னு கேளுங்க, இல்லன்னா 36 நாளுக்கும் சேர்த்து சிங்கிள் ட்ரிப் பாலிசி ஒண்ணு எடுங்க, அம்மா பேரையும் அதுலயே சேர்த்துட்டா இன்னும் நல்லது.

இப்ப உங்க ஃப்ரெண்ட் சொன்ன ஆம்பர் விஷயம். கலர் வேற, வெளியுறவுத் துறையோட அறிவுரை வேற. பச்சை, ஆம்பர், சிவப்புங்கிறது நீங்க திரும்பி இங்கிலாந்துக்குள்ள வரும்போது டெஸ்ட் எடுக்கணுமா, தனியா இருக்கணுமாங்கிறதுக்கு. இன்ஷூரன்ஸ்காரங்க பாக்கிறது எஃப்சிடிஓ, அதாவது அந்த வெளியுறவுத் துறை, அந்த நாட்டுக்கு "அவசியமில்லாம போகாதீங்க"ன்னு சொல்லியிருக்கா இல்லையாங்கிறத. இந்த மே மாசம் கேனரி தீவு ஆம்பர்லதான் இருந்துச்சு, ஆனா எஃப்சிடிஓ போகாதீங்கன்னு சொல்லல, அதனால சாதாரண பாலிசியே செல்லுபடியா இருந்துச்சு. ஃபிரான்ஸ் இந்த 8ஆம் தேதிதான் ஆம்பர் பிளஸ்லேர்ந்து (ரெண்டு டோஸ் போட்டவங்களும் திரும்பி வந்து தனியா இருக்கணும்) வெறும் ஆம்பருக்கு வந்துச்சு, அதுவும் கலர் சமாச்சாரம்தான். கிளம்புற அன்னைக்கு காலைல எஃப்சிடிஓ சைட்ல ஃபிரான்ஸ் பக்கம், ஸ்பெயின் பக்கம் ரெண்டையும் தொறந்து தேதி தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. நீங்க அங்க இருக்கும்போதே அறிவுரை மாறலாம், போன வருஷம் ஜூலை 25 ராத்திரி ஸ்பெயினுக்கு அப்படித்தான் சில மணி நேரத்துல மாத்துனாங்க. ஏற்கனவே உள்ள இருக்கிறவங்களுக்கு பல கம்பெனி கவர தொடருவாங்க, ஆனா உங்க கம்பெனி என்ன பண்ணும்னு இப்பவே ஈமெயில்ல கேட்டு பதில் வாங்கி வைங்க, போன்ல வாய்வார்த்தையா கேட்டதுக்கு மதிப்பு இல்ல.

"கோவிட் கவர் உண்டு"ன்னு பெருசா போட்டிருந்தா எதுக்கு உண்டுன்னு பாருங்க. அங்க கோவிட் வந்து ஆஸ்பத்திரில சேர்ந்தா செலவு, கிளம்பறதுக்கு முன்னாடி பாசிட்டிவ் வந்து ட்ரிப்ப கேன்சல் பண்ணா பணம், இது ரெண்டும் இப்ப நிறைய பாலிசியில இருக்கு. அங்க லாக்டவுன் போட்டுட்டாங்க, எல்லை மூடிட்டாங்க, கேம்ப்சைட்ட சாத்திட்டாங்க, இதுக்கெல்லாம் பெரும்பாலும் இல்ல. நீங்க திரும்பறதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள டெஸ்ட் எடுக்கணும் இல்லையா, அதுல அம்மாவுக்கு பாசிட்டிவ்னா ஃபெர்ரில ஏற முடியாது, அந்த எக்ஸ்ட்ரா நாளுக்கு தங்கற செலவு, புது ஃபெர்ரி டிக்கெட், பாலிசி தேதிய தானா நீட்டிக்கிறது, மூணையும் தனித்தனியா கேளுங்க. வேன்லயே தங்கிக்கலாமேன்னு தோணும், ஆனா பாசிட்டிவ் ஆளோட பொது டாய்லெட், ஷவர் இருக்கிற கேம்ப்சைட்ல உங்கள வச்சுக்க மாட்டேன்னு சொல்ல ஓனருக்கு உரிமை இருக்கு.

ஜிஎச்ஐசி கார்ட நான் குறைச்சு சொல்ல மாட்டேன், கட்டாயம் பர்ஸ்ல இருக்கட்டும், அது இலவசம் (பணம் வாங்கிட்டு அப்ளை பண்ணித் தர்ற சைட்டுகள நம்பாதீங்க). ஆனா அது அந்த ஊர்க்காரருக்கு அரசாங்க மருத்துவத்துல என்ன கிடைக்குமோ அத உங்களுக்கும் தருது, அவ்வளவுதான். ஃபிரான்ஸ்ல டாக்டர்கிட்ட போனா முதல்ல நீங்க காசு கட்டணும், அப்புறம் 70 சதவீதம் திரும்பி வரும். ஆஸ்பத்திரில படுத்தா பொதுவா 80 சதவீதம் அவங்க, மீதி நீங்க, அதோட ஒரு நாளைக்கு 20 யூரோ (2021 கணக்கு) தனி. பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிட்டா கார்டுக்கு வேலையில்ல. முக்கியமா, படுத்த படுக்கையா இருக்கிறவங்கள லண்டனுக்கு கூட்டிட்டு வர்ற செலவு அதுல ஒரு பைசா கிடையாது, அது பல ஆயிரம் பவுண்டு ஆகுற விஷயம்.

சரி, அம்மாவோட நீங்களும் ஆம்புலன்ஸ் விமானத்துல வந்துட்டீங்க. வேன் யாரு ஓட்டிட்டு வருவா? இத யாரும் யோசிக்கிறதே இல்ல. டிராவல் பாலிசி ஆளத்தான் கொண்டு வரும். வேன கொண்டு வர்றதும், மாற்று டிரைவர் அனுப்பறதும் ஐரோப்பிய பிரேக்டவுன் கவர்ல இருக்கணும். முதல்ல உங்க மனைவி பேரு வேன் இன்ஷூரன்ஸ்ல டிரைவரா இருக்கான்னு பாருங்க. பிரேக்டவுன் கவர்ல வண்டியோட வயசு, நீளம், உயரம், எடை எல்லாத்துக்கும் வரம்பு இருக்கும், உங்க வண்டிக்கு 12 வயசு, 10 வயசோட நிறுத்திக்கிற கம்பெனியும் உண்டு. இன்னொண்ணு, கொண்டு வர்ற செலவு வண்டியோட மார்க்கெட் விலையத் தாண்டுனா கொண்டு வர மாட்டாங்க.

நாங்க பட்டத சொல்றேன். 2020 மார்ச் 14 ஸ்பெயின்ல அவசரநிலை அறிவிச்சப்ப வலென்சியா பக்கம் ஒரு கேம்ப்சைட்ல இருந்தோம், காலி பண்ணுங்கன்னுட்டாங்க, விழுந்தடிச்சு ஓட்டிட்டு வரோம், லிமோஜ் பக்கத்துல ஏ20 ரோட்ல வண்டி நின்னுபோச்சு. பிரெஞ்சு ஆட்டோரூட்ல (மோட்டார்வே) உங்க பிரேக்டவுன் கம்பெனிய நேரா வரச் சொல்ல முடியாது, ஆரஞ்சு கலர் போன்லயோ 112லயோ கூப்பிட்டா அந்த ரோட்டுக்குன்னு அனுமதி வாங்குன லாரிதான் வரும், காசு கட்டி ரசீது வாங்கி அப்புறம் கிளெயிம் பண்ணணும். வந்தவர் டேப்ப எடுத்து வண்டிய அளந்து ரசீதுல எழுதினார், 7.2 மீட்டர். எங்க பாலிசியில 7 மீட்டர். வண்டி 6.6தான், பின்னாடி மாட்டியிருந்த சைக்கிள் ரேக்கால ஏறிப்போச்சு. கம்பெனி முடியாதுன்னுட்டாங்க, முழுச் செலவும் எங்களோடது. நீங்க இன்னைக்கு சாயங்காலமே ரேக்கோட, சைக்கிளோட டேப் வச்சு அளந்து, அந்த நம்பர சொல்லியே கவர் வாங்குங்க.

வேனோட ஃபுல் காம்ப் கடல் தாண்டுனா வெறும் தேர்ட் பார்ட்டியா (அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு மட்டும்) சுருங்கிடுதான்னும் வருஷத்துல எத்தன நாள் வெளிநாட்டுக்கு குடுப்பாங்கன்னும் கேட்டுக்கோங்க. கிரீன் கார்டு (வண்டி இன்ஷூரன்ஸ் வெளிநாட்டுல செல்லும்னு காட்டுற சான்று) இந்த ஆகஸ்ட் 2லேர்ந்து ஐரோப்பிய யூனியனுக்குத் தேவையில்ல. வண்டி பின்னாடி ஒட்டுற பழைய ஜிபி (GB) ஸ்டிக்கர் செப்டம்பர் 28லேர்ந்து செல்லாது, யுகே ஸ்டிக்கர் வேணும், நீங்க 29தான் திரும்பறீங்க, அதனால ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டு 28 காலைல மாத்தி ஒட்டிடுங்க. அப்புறம் அம்மா கறிக்குழம்பு வச்சு டப்பால எடுத்துட்டு வருவாங்க, கறியும் பாலும் தயிரும் இந்த வருஷத்துலேர்ந்து கொண்டு போகக்கூடாது, பிரெஞ்சு துறைமுகம் கலேல புடுங்கிடுவாங்க, முன்னாடியே பக்குவமா சொல்லிடுங்க.

கேள்வி: 2020 மே மாசத்துக்கு ஒரு கேம்பர்வேன் வாடகைக்கு புக் பண்ணி 840 பவுண்டு கட்டியிருந்தேன். லாக்டவுன்னு சொல்லி அவங்களே கேன்சல் பண்ணிட்டு வவுச்சர் குடுத்தாங்க, இப்ப வவுச்சரும் முடியப்போகுதாம். பணம் போனது போனதுதானா?

பதில்: போகல. சேவைய அவங்களால குடுக்க முடியலன்னா பணத்த முழுசா திருப்பித் தரணும், வவுச்சர வாங்கிக்கோன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு போட்டி ஆணையம் சிஎம்ஏ 2020 ஏப்ரல்லயே சொல்லியாச்சு. நீங்களா சம்மதிச்சு வவுச்சர எடுத்தீங்களா, இல்ல வேற வழி காட்டாம தலையில கட்டுனாங்களான்னு உங்க ஈமெயில தேடிப் பாருங்க, அதுதான் இங்க விஷயம். கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் செக்‌ஷன் 75 இருக்கு (வித்தவரோட சேர்ந்து கார்டு கம்பெனியும் பொறுப்புங்கிற சட்டப் பிரிவு), கார்டு கம்பெனிகிட்டயே நேரா கேளுங்க. அவங்களும் இழுத்தா 8 வாரம் கழிச்சு, இல்ல கடைசி பதில்னு லெட்டர் வந்ததும், ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன்கிட்ட (இந்த மாதிரி கம்பெனிகள் மேல வர்ற புகார தீர்த்து வைக்கிற அமைப்பு) போகலாம், செலவு கிடையாது, அந்த லெட்டர் தேதியிலேர்ந்து 6 மாசத்துக்குள்ள போயிடணும்.

கேள்வி: என் மாமியார்கிட்ட இந்தியன் பாஸ்போர்ட், எங்களோடதான் இங்க செட்டில் ஆகி இருக்காங்க. ஷெங்கன் விசாவுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்தோம், அதுவே வேன் ட்ரிப்புக்கும் போதுமா அக்கா?

பதில்: விசாவுக்குக் கேக்கறது குறைஞ்சபட்சம் 30,000 யூரோவுக்கு மருத்துவமும் திரும்பக் கூட்டிட்டு வர்ற செலவும். மலிவா வர்ற விசா பாலிசிகள் அந்தக் கோட்டத் தொட்டுட்டு அங்கயே நின்னுடும், பழைய வியாதிய மொத்தமா விலக்கியிருக்கும், கேன்சலேஷன் இருக்காது. அத விசா ஃபைல்ல வைங்க, அவங்க உடம்புக்கு மேல சொன்ன மாதிரி மாத்திரை டப்பாவ கவுத்துப் பாத்து தனியா ஒண்ணு எடுங்க.