முதலில் பிளேட்டோ, பிறகு சட்டமா?

அன்புள்ள மேடம்,

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவர் ஐ.டி. துறை. ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. வக்கீலாக வேண்டும் என்கிறாள். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு முன் மேரிலாந்து மாநிலத்தில், அன்னாபொலிஸில் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் நாலு வருடம் படிப்பாளாம். அங்கே மேஜர், அதாவது அவரவர் தேர்ந்தெடுக்கும் முதன்மைப் பாடம் என்று எதுவும் கிடையாது. எல்லாரும் ஹோமர், பிளேட்டோ, யூக்ளிட், கிரேக்க மொழி என்று ஒரே பாடம்தான். "இதைப் படிச்சா எந்த லா ஸ்கூல்ல எடுப்பான்? பொலிட்டிகல் சயின்ஸாவது படிக்கச் சொல்லு" என்று அவர் என்னிடம் சொல்கிறார். "அப்பாவுக்குப் புரியாதும்மா" என்று அவளும் என்னிடமே சொல்கிறாள். இருவரும் நேராகப் பேசி நாளாயிற்று. ரசம் வேண்டுமா என்று கேட்கக்கூட நடுவில் நான்தான். போன வாரம், "லா ஸ்கூலுக்குக் கண்டிப்பா போவேன்னு எழுதித் தரட்டுமா?" என்றாள். "எழுதிக் கொடுக்கச் சொல்லு" என்கிறார் இவர். நான் என்ன செய்ய?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்தத் தாளை மட்டும் எழுதி வாங்கிவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் கணவரின் பயத்தில் பாதிக்கு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததுமே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். அமெரிக்காவில் ஒரு பட்டம் வாங்கிய பிறகுதான் ஜே.டி. என்கிற மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. அந்தப் பட்டம் இன்ன பாடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் சொல்வதில்லை. நுழைவுத் தேர்வான எல்சாட்டிலும் சட்டம் கேட்க மாட்டார்கள். ஒரு வாதத்தில் ஓட்டை எங்கே என்று பிடிக்கிறாளா, கடினமான பத்தியைப் படித்துப் புரிந்துகொள்கிறாளா என்றுதான் பார்ப்பார்கள். யூக்ளிட்டின் தேற்றத்தைக் கரும்பலகையில் நிறுவிக் காட்டி, சக மாணவர்களின் குறுக்குக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லிப் பழகிய பெண்ணுக்கு அது கைகொடுக்கும். அந்தக் கல்லூரியில் அமெரிக்க அரசியல் சாசனமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும்கூடப் பாடத்தில் உண்டு.

ஒரு எச்சரிக்கை. அங்கே மதிப்பெண்ணைக் கேட்டால்தான் காட்டுவார்கள். ஆனால் பதிவேட்டில் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். லா ஸ்கூல் அதைப் பார்க்கும். மதிப்பெண்ணைச் சொல்வதற்குப் பதிலாக, ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து மாணவியைப் பற்றி அவள் முன்னாலேயே பேசிக்கொள்வார்கள். கடைசியில் அவளும் பதில் சொல்லலாம். உங்கள் வீட்டிலும் அவளைப் பற்றிப் பேச்சு நடக்கிறது, அவள் இல்லாத நேரத்தில்!

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். அவளுக்கு உண்மையிலேயே சட்டத்தில் ஆசை இருக்கலாம். அல்லது, அப்பா வாயை அடைக்க அவளுக்குக் கிடைத்த ஒரே சொல் 'சட்டம்' என்பதாகவும் இருக்கலாம். பதினேழு வயதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாம் வருடம் மனம் மாறினால், உங்களிடம் சொல்லமாட்டாள், மறைப்பாள். அதனால் அவளிடம் ஒன்றைக் கேளுங்கள்: "லா ஸ்கூலே இல்லைன்னாலும் இந்தக் காலேஜ்தான் வேணுமா?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 'ஆமாம்' என்றால், வேலைக்கு என்ன வழி என்று வெளிப்படையாகவே பேசலாம். தயங்கினால், ரட்கர்ஸ் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்தும் லா ஸ்கூலுக்குப் போகலாம், செலவும் குறையும். செயின்ட் ஜான்ஸ் 2018-இல் கல்விக் கட்டணத்தை 52,000 டாலருக்கு மேலிருந்து 35,000-ஆகக் குறைப்பதாக அறிவித்தது. இந்த வருடக் கட்டணத்தைக் கல்லூரியிடமே கேளுங்கள். ஆனால் நாலு வருடத்துக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள், ஏழு வருடத்துக்குப் போடுங்கள். எவ்வளவு உங்களால் முடியும், எவ்வளவு அவள் கடன் வாங்க வேண்டும் என்பதை அவர் மகளிடம் நேரிலேயே சொல்லட்டும்.

நீங்கள் தபால்காரர் வேலையை விட்டுவிடுங்கள். சேர நினைப்பவர்கள் அங்கே வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம். அப்பாவும் மகளும் மட்டும் காரில் போய் வரட்டும். எல்லாரும் கூடி நூல்களை விவாதிக்கும் செமினார் வகுப்பு திங்கள், வியாழன் இரவுகளில் நடக்கும். அதற்கேற்ப அப்பா லீவு போட வேண்டும் என்பதையும் அவளே அவரிடம் கேட்கட்டும்.