எலிக்குக் கேட்ட மருந்து அம்மாவுக்குக் கேட்குமா?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அம்மாவுக்கு ஆறு வருஷமாக முடக்குவாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். பினாங்கு லிட்டில் இந்தியாவில் முடக்கத்தான் கேப்சூல் வாங்கினோம். எலிகளுக்குக் கிலோவுக்கு 250 மில்லிகிராம் சாறு கொடுத்து நிரூபித்தது என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிடலாமா?"

நிறுத்தாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

சாதாரண ஆய்வுக்கூட எலிக்கு முடக்குவாதம் தானாக வராது, நாம்தான் வரவழைக்க வேண்டும். கொன்ற காசநோய்க் கிருமியை எண்ணெயில் குழைத்துப் பாதத்திலோ வாலடியிலோ ஊசி போடுவார்கள். இரண்டு வாரத்துக்குள் ஊசி படாத கால்களும் வீங்க ஆரம்பிக்கும். கணுக்காலில் மையால் கோடு போட்டு, அந்தக் கோடு வரை பாதத்தைத் தண்ணீர் நிரப்பிய குழாயில் முக்கி, எவ்வளவு நீர் விலகுகிறது என்று அளப்பார்கள். மருந்து கொடுத்த எலியிடம் அளவு குறைந்தால் வீக்கம் வற்றியது என்று அர்த்தம். அதில் பொய்யில்லை.

ஆனால் மருந்தை எந்த நாளில் தொடங்கினார்கள்? நான் முதலில் தேடுவது இதைத்தான். ஊசி போட்ட அன்றே தொடங்கியிருந்தால் அது நோய் வராமல் தடுக்கிற சோதனை. அம்மாவுக்கு நோய் வந்தே ஆறு வருஷம். கால் வீங்கிய பிறகு கொடுத்து, மூட்டை நுண்ணோக்கியில் பார்த்து, எலும்பு அரிக்கப்படுவதும் நின்றிருந்தால்தான் நிமிர்ந்து உட்காருவேன். கேராஜீனன் என்ற, வீக்கத்தை உண்டாக்கும் கடற்பாசிப் பொருளை ஊசி போட்டுச் சில மணி நேர வீக்கத்தை மட்டும் அளந்த ஆய்வு என்றால், அது முடக்குவாதமே இல்லை.

நல்ல ஆய்வும் சறுக்கும். அழற்சியைத் தூண்டும் பி38 என்ற புரதத்தை அடக்கும் மருந்துகள் எலிகளிடம் அருமையாக வேலை செய்தன, நோயாளிகளிடம் எடுபடவில்லை. டிஎன்எஃப் என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தை அடக்கும் மருந்தோ 1992-ல் சுண்டெலியிடம் பலித்தது, அப்புறம் மனிதரிடமும் பலித்தது. எலிச் சோதனையே வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

அளவையும் பாருங்கள். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற, தோராயமாக 6.2-ஆல் வகுப்போம். 250 என்பது கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஆகும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 2.4 கிராம், அதுவும் வடித்தெடுத்த சாறு. வெறும் இலைப்பொடி என்றால் இன்னும் எத்தனையோ மடங்கு வேண்டும். உங்கள் புட்டியில் இருப்பது சாறா, பொடியா?

புட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாரம்பரிய மருந்துக்கு அந்தப் பதிவு கிடைப்பது பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துத்தான். நோயைக் குணமாக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. பதிவில்லாத மூட்டுவலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. இரண்டே நாளில் வீக்கம் மாயமாய் வற்றி, கொஞ்ச நாளில் முகமும் உப்பினால் எனக்குச் சந்தேகம் அங்கேதான் போகும். அப்படி ஒன்றை அம்மா வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

மெத்தோட்ரெக்சேட்டை வழக்கம்போல வாரத்துக்கு ஒரு தடவை கொடுங்கள். அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால், கேப்சூலையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் புட்டியோடு போய், கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.