அழுத்திக் காயவைக்கும் செம்பருத்தி கறுத்துத் தாளில் ஒட்டிக்கொள்கிறதா?

தாளை மாற்றும்போது பூவைத் தொடாதீர்கள். அதுதான் முதல் விஷயம். பூவின் இரு பக்கமும் மெல்லிய பருத்தித் துணி வைத்து, அதற்கு வெளியே செய்தித்தாள் அடுக்குங்கள். முதல் மூன்று நான்கு நாள் தினமும் வெளித்தாளை மட்டும் மாற்றினால் போதும். துணியைப் பூ காயும்வரை பிரிக்கவே வேண்டாம்.

நீங்கள் பூவை முழுசாக டைரிக்குள் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கறுப்பதற்குக் காரணம் அநேகமாக அதுதான். செம்பருத்தியின் அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணமும் நடுத்தண்டும் தடிப்பு, உள்ளே ஒரே கொழகொழப்பு. இதழ் காய்ந்த பிறகும் அங்கே ஈரம் நிற்கும். கூடவே டைரித் தாள் வழவழப்பாக இருந்தால் ஈரத்தை உறிஞ்சாது. அதனால் பனி உலர்ந்ததும் பறித்து, இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்து அழுத்துங்கள். தண்டை வேறு தாளில் காயவைத்து, கடைசியில் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம். மேலே கனமாக ஏதாவது வையுங்கள், அம்மிக்குழவி தாராளம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, இதழைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் ஈரம் பாக்கி. சரசரவென்று இருந்தால் எடுக்கலாம்.

ஒன்று மட்டும்: எப்படிச் செய்தாலும் அந்தச் சிவப்பு அப்படியே நிற்காது, கொஞ்சம் ஊதா கலந்து இருண்டுவிடும். நிறம்தான் முக்கியம் என்றால் காகிதப்பூ (போகன்வில்லா) எடுங்கள். மல்லிகை வேண்டவே வேண்டாம், பழுப்பேறிவிடும்.