பவர் இருக்கும்போது உயில் எதற்கு?

கேள்வி: என் தந்தைக்கு 78 வயது. வீட்டையும் வங்கிக் கணக்கையும் கவனித்துக்கொள்ள ஆறு ஆண்டுகளுக்கு முன்பே என் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தந்திருக்கிறார். இப்போது அவருக்கு மறதி கூடி வருகிறது. உயில் எழுதச் சொன்னால், "உன்னிடம்தான் பவர் இருக்கிறதே" என்கிறார். நாங்கள் மூன்று பிள்ளைகள். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியல்ல. அதிகாரப் பத்திரம் என்பது, உயிரோடிருக்கும் ஒருவர் தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்குத் தரும் அனுமதி மட்டுமே. அதனால் சொத்து உங்களுடையதாகிவிடாது; நீங்கள் தந்தையின் நலனுக்காகக் கையெழுத்திடும் முகவர், அவ்வளவுதான். இத்தகைய பத்திரம் எழுதிக் கொடுத்தவரின் இறப்போடு முடிந்துவிடும் என்பதால், அதன் பிறகு அதைக் காட்டி வீட்டை விற்றாலோ பணம் எடுத்தாலோ உடன்பிறந்தவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். உயிலோ அந்த இடத்தில்தான் செயலுக்கு வருகிறது. எழுதியவர் தெளிவோடு இருக்கும்வரை அதை எத்தனை முறையும் மாற்றலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது மறதி பற்றிய வரிதான். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபின்படி, கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் சாதாரண அதிகாரப் பத்திரமும் செயலற்றுப்போகும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும் இந்தக் குறையைப் போக்கவே, அதற்குப் பின்னும் நீடிக்கும் தனிவகைப் பத்திரத்துக்கு 1954இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலமும், பின்னர் வேறு பல நாடுகளும் சட்டம் இயற்றின. உங்களிடம் உள்ளது எந்த வகை என்பதை வழக்கறிஞரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள்.

மறதி இருக்கிறது என்பதாலேயே உயில் எழுதும் தகுதி போய்விடாது. தாம் செய்வது இன்னதென்பதும், தம் சொத்து ஏறக்குறைய எவ்வளவு என்பதும், அதில் உரிமை எதிர்பார்க்கக்கூடியவர்கள் யார் என்பதும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். 1870இல் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்த இந்த அளவுகோலைப் பல நாடுகள் இன்றும் பின்பற்றுகின்றன. எனவே காலம் தாழ்த்தாமல், அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், மருத்துவரின் சான்றும் பெற்று எழுதச் செய்யுங்கள். அப்போது நீங்கள் அந்த அறையில் இல்லாதிருப்பது நல்லது. வற்புறுத்தி எழுத வைத்ததாகப் பின்னர் பேச்சு எழாது.

கேள்வி: அந்த உயிலுக்கு என் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் போடலாம், உங்கள் மனைவி வேண்டாம். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று சொல்லும் இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டம், சாட்சிக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதிய பங்கு செல்லாது என்றும் சொல்கிறது. உயில் நிற்கும், உங்கள் பங்கு போய்விடும்! எல்லா நாடுகளிலும் இவ்விதி இல்லையென்றாலும், உயிலால் எதுவும் பெறாத ஒருவரையே தேடுங்கள். அவர் தந்தையைவிட இளையவராகவும் இருக்கட்டும். என்றேனும் நீதிமன்றம் வந்து, அந்தக் கையெழுத்து தம்முடையதுதான் என்று சொல்ல வேண்டியவர் அவர்.