மிஸ்ஸி அம்மா பதில்கள்: பைக்குள் இருந்த மாத்திரை போத்தல்

கேள்வி: மிஸ்ஸி அம்மா, எனக்கு 26 வயது. தோட்டத்தை விட்டு சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த குடும்பம். ஒரு வருடமாக ஓர் ஆணோடு உறவில் இருக்கிறேன். போன வாரம் அவர் பையில் மாத்திரை போத்தலைப் பார்த்துக் கேட்டேன். எச்.ஐ.வி. இருக்கிறது, மூன்று வருடமாக மருந்து சாப்பிடுகிறேன், ரத்தத்தில் கிருமி தெரிவதில்லை என்று சொல்லி அழுதார். சில தடவை ஆணுறை போடவில்லை. உறவில் நான்தான் உள்ளே வாங்குபவன். எனக்கு வந்திருக்குமா? இவருக்கு முன்னால் பழகிய இரண்டு பேரும் நல்ல ஆரோக்கியமானவர்கள்.

பதில்: தம்பி, நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு.

ஆசனவாயின் உட்தோல் மிக மெல்லியது, சுலபமாகக் கீறும். அதனால் வாங்குபவருக்கே ஆபத்து அதிகம். மருந்து எடுக்காத தொற்றாளரோடு ஆணுறையில்லாமல் 10,000 தடவை உறவு என்றால், வாங்குபவருக்குச் சுமார் 138 தடவையும் மற்றவருக்குச் சுமார் 11 தடவையும் தொற்றும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது சராசரிதான். கிருமி புகுந்த முதல் சில வாரங்களில் அது ரத்தத்தில் பெருகிக் கிடக்கும், ஆளோ பார்க்க நன்றாகவே இருப்பார். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் இருந்தால் வழி இன்னும் சுலபம். தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் ஆணுறை கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல்தான் சரி.

ஆனால் மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவில் இது தொற்றாது. ஐரோப்பாவில் உங்களைப் போன்ற 782 ஆண் ஜோடிகளைக் கவனித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆணுறையில்லாமல் சுமார் 76,000 தடவை. துணையிடமிருந்து ஒருவருக்குக்கூட வரவில்லை. புதிதாகத் தொற்றிய 15 பேருக்கும் வெளி உறவில் வந்தது. கிருமியின் மரபணுவை ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள்.

உங்கள் பழைய நண்பர்கள் இருவரும் ரத்தம் பார்த்தார்களா? எனக்கு அங்கேதான் கவலை.

ஒன்று சொல்ல வேண்டும். 1990-களில் ஒரு தோட்டத்து லயத்தில், எச்.ஐ.வி. இருந்த ஒரு பையனைப் பின்கட்டில் தனித் தகரத் தட்டோடு ஒதுக்கி வைத்திருந்தார்கள். நர்ஸான நானும் இரண்டு கையுறை போட்டுத்தான் அவன் நெற்றியைத் தொட்டேன். இன்றும் அது உறுத்துகிறது. உங்கள் நண்பரின் சாப்பாட்டுத் தட்டைத் தனியே வைக்காதீர்கள். தட்டிலும் கொசுவிலும் இது பரவாது.

இப்போது செய்ய வேண்டியது: கடைசியாக ஆணுறையில்லாமல் இருந்து 45 நாள் ஆகியிருந்தால், நரம்பில் ரத்தம் எடுத்து லேப்பில் பார்க்கும் சோதனை போதும். ஆகாவிட்டாலும் இப்போதே ஒரு முறை பாருங்கள், பிறகு திரும்ப எடுக்கலாம். இனி எப்போதாவது நிலை தெரியாத ஒருவரோடு ஆணுறை கிழிந்தால், 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போய் தொற்றைத் தடுக்கும் 28 நாள் மருந்து கேளுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரை 2023 முதல் சில அரசாங்க கிளினிக்குகளிலும் கிடைக்கிறது.

நம் ஊர் கிளினிக்கில் தெரிந்த முகம் இருக்குமென்றால் ஈப்போவுக்கு பஸ் ஏறுங்கள். அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். கடைசியாக ரத்தத்தில் கிருமி அளவு பார்த்த சீட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.